குதிரைக்கு ஆபரேஷன் செய்யணும் என்கிறான் பையன்

வணக்கம் அம்மா. போன சனிக்கிழமை மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க வந்தபோது, நீங்கள் பேசி முடிக்கும்வரை உங்கள் பையன் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போதுதான் போனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினான். ஐரோப்பாவில் ஏதோ ஒரு குதிரை மருத்துவமனை. கறுப்பு ஃப்ரீசியன் இனப் பொலிகுதிரை (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண்குதிரை) ஒன்று மயக்க மருந்தின் கிறக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றுகொண்டிருக்கிறது. விலாவுக்குப் பின்னால் சின்னச் சின்னத் துளைகள். உள்ளே விட்ட கேமரா காட்டும் படத்தை டிவியில் பார்த்தபடியே டாக்டர் அதன் வயிற்றுக்குள் வேலை செய்கிறார். "இதுதான் சார் நான் செய்யணும்" என்றான். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அது என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்குதிரையின் விதைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அடிவயிற்றில் ஒரு துவாரம் வழியாக இறங்குகின்றன. ஃப்ரீசியன், அண்டலூசியன், ஸ்டாண்டர்ட்பிரெட் போன்ற இனங்களில் அந்த வழியாகக் குடல் இறங்குவது அதிகம். பெட்டைக்குதிரையோடு சேர்ந்த பிறகோ, கடுமையாக ஓடிய பிறகோ, சிறுகுடலின் ஒரு மடிப்பு அதில் நழுவிச் சிக்கிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கினால், உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும், இல்லையென்றால் குதிரை பிழைக்காது. பிழைத்தாலும் பெரும்பாலும் அந்தப் பக்கத்து விதையை எடுத்துவிடுவார்கள். பொலிகுதிரைக்குப் பிழைப்பே அதுதானே!

அதனால்தான் குடல் மறுபடி இறங்காதபடி முன்கூட்டியே அந்தத் துவாரத்தை அடைக்கிறார்கள். வயிற்றின் உள்சவ்விலிருந்தே ஒரு மடல் எடுத்து மேலே போர்த்துவது ஒரு முறை. சயனோஅக்ரிலேட் பசை விட்டு ஒட்டுவது இன்னொன்று. நம் வீட்டு ஃபெவிகுவிக்குக்குப் பங்காளி அந்தப் பசை. தளர்வாக விட்டால் குடல் மறுபடி இறங்கும், இறுக்கிவிட்டால் விதைக்கு ரத்தம் போகாது. கைத்திறமை முழுவதும் அந்த இடைவெளியில்தான். பரம்பரைக் கோளாறாக இருக்கக்கூடிய குதிரையைச் சரிசெய்து கொடுத்து மேலும் இனப்பெருக்கத்துக்கு விடலாமா என்று எனக்கே ஒரு கேள்வி உண்டு. அதை அவனிடமும் கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறான் என்று தெரியட்டும்.

சரி, வழி என்ன? பி.வி.எஸ்சி. என்னும் கால்நடை மருத்துவப் பட்டம் ஐந்தரை வருடப் படிப்பு. தமிழ்நாட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான். 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட் வேண்டும். 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி கிடைத்தால் நல்லது, மற்ற அரசுக் கல்லூரிகளும் குறைச்சல் இல்லை. அப்புறம் அறுவைச் சிகிச்சையில் எம்.வி.எஸ்சி. என்னும் மேற்பட்டம், இரண்டு வருடம். வீடியோவில் பார்த்த டாக்டர் மாதிரி ஆக, வெளிநாட்டில் ஒரு வருட இன்டர்ன்ஷிப், மூன்று வருட ரெசிடென்சி (மருத்துவமனையில் வேலை செய்தபடியே பெறும் சிறப்புப் பயிற்சி), அதன் பிறகு தேர்வு. முப்பது வயதைத் தொட்டுவிடும். ரெசிடென்சி இடங்கள் மிகக் குறைவு, போட்டியோ கடுமை. முதல் பட்டத்தையே வெளிநாட்டில் வாங்கித் தருகிறோம் என்று வரும் ஏஜென்ட்டை மட்டும் நம்பாதீர்கள்.

இங்கேயும் குதிரை வேலை இருக்கிறது. ராணுவத்தின் கால்நடை மருத்துவப் பிரிவான ரிமவுன்ட் வெட்டரினரி கோர் பி.வி.எஸ்சி. முடித்தவர்களை அதிகாரிகளாக எடுக்கிறது. ஹரியானாவின் ஹிசாரில் தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கர்நாடகத்தில் குனிகல் போன்ற குதிரைப் பண்ணைகள் உண்டு. பந்தயக் குதிரைகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் ஏற்பில்லை, நேரடிச் சேர்க்கைதான். அதனால் பொலிகுதிரையின் உடம்பைப் பார்த்துக்கொள்ள டாக்டர் எப்போதும் தேவை. ஆனால் நம் ஊரில் அவன் தினமும் தொடப்போவது மாடும் ஆடும் நாயும்தான். அது பிடிக்கவில்லை என்றால் குதிரை வரை போகவே முடியாது.

அதனால் லீவில் பத்து நாள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்புங்கள். டாக்டர் நீளக் கையுறை போட்டுத் தோள்வரை கையை விட்டு மாட்டுக்குச் சினை பார்ப்பதை அவன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். சாணம் தெறிக்கும், சில நேரம் உதையும் விழும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எதைப் பற்றிப் பேசுகிறான் என்று கவனியுங்கள். நாற்றத்தைப் பற்றியா, மாட்டைப் பற்றியா? பத்து நாள் கழித்து அவனைத் தனியாக என்னிடம் வரச் சொல்லுங்கள். செலவுக் கணக்கை அப்புறம் நாம் உட்கார்ந்து போடலாம்.