‘ஓட்டலாம்’ என்றார் அலுவலர், மறித்தது பொலிஸ்

கேள்வி: தண்டப்பணம் கட்டாததால் ஒன்ராறியோவில் எனது சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டிருந்தது. பணத்தைக் கட்டியபோது, இனி வாகனம் ஓட்டலாமா என்று நீதிமன்றக் கருமபீடத்தில் கேட்டேன். ‘எல்லாம் சரி, ஓட்டலாம்’ என்றார் அங்கிருந்த அலுவலர். அனுமதிப்பத்திரத்தை மீளப்பெறத் தனிக் கட்டணம் உண்டென்பது, இரண்டு கிழமை கழித்துப் பொலிஸார் மறித்தபோதுதான் தெரிந்தது. அவரை நம்பியது என் குற்றமா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: சட்டம் தெரியாது என்பது சாட்டாகாது என மாகாணக் குற்றங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவு சொல்கிறது. ஆயினும், அதிகாரியின் பிழையான ஆலோசனையை நம்பி நடந்தவருக்கு ஒடுங்கிய விதிவிலக்கு ஒன்று உண்டு. 1995இல் கனடாவின் அன்றைய பிரதம நீதியரசர் லாமர் தனித் தீர்ப்பொன்றில் அதன் கூறுகளை வகுத்தார். 2006இல் லெவி நகரசபை வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்டும், அந்த வழக்கில் எவரும் தப்பவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். வாகனப் பதிவுக் கட்டணம் செலுத்தாத நிறுவனமொன்று, புதுப்பித்தல் அறிவித்தல் தபாலில் வருமென்று அதிகாரி சொன்னதாக வாதிட்டது. அது அலுவலக நடைமுறை பற்றிய பேச்சே தவிர, உரிய நாளில் கட்டவேண்டிய சட்டக் கடமை பற்றிய ஆலோசனையல்ல என நீதியரசர் லெபெல் மறுத்துவிட்டார்.

உங்கள் நிலை அதைவிட மேலானது. ‘தண்டம் தீர்ந்ததா’ என்று கேட்காமல், ‘ஓட்டலாமா’ என்றே கேட்டிருக்கிறீர்கள். சட்ட விளைவை எண்ணிப் பார்த்தீர்கள் என்பதற்கு அந்த ஒரு சொல்லே ஆதாரம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: தண்டப்பணம் வாங்குபவர், அனுமதிப்பத்திரம் பற்றிச் சொல்லத் தகுந்த அதிகாரிதானா? அது மாகாணப் போக்குவரத்து அமைச்சின் கையிலுள்ள விடயம் என்று அரசதரப்பு நிச்சயம் வாதிடும். அவரது பதவி, சொன்னதன் தெளிவு, அதை நம்பியது நியாயமா என்பவற்றையெல்லாம் நீதிமன்றம் எடைபோடும். நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. வென்றாலும் கிடைப்பது விடுதலைத் தீர்ப்பல்ல, வழக்கு நடவடிக்கை நிறுத்தப்படுவது மட்டுமே.

பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், அலுவலர் சொன்ன சொற்களை, மறக்குமுன் நாள், நேரத்துடன் எழுதிவையுங்கள். இடைநிறுத்தக் காலத்தில் வாகனம் ஓட்டிய குற்றத்துக்கு முதற்தடவைக்கே தண்டம் 1,000 முதல் 5,000 டொலர் வரை, அதன்மேல் ஆறு மாத இடைநிறுத்தம் என்பதால், சட்டத்தரணியோ பராலீகலோ (இத்தகைய சிறு வழக்குகளில் வாதாட உரிமம் பெற்றவர்) இல்லாமல் போகாதீர்கள். அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்வரை வாகனத்தைத் தொடவேண்டாம். இப்போது உங்களுக்கு உண்மை தெரியும், இரண்டாம் தடவை இந்த வாதம் எடுபடாது.