கொம்பு முளைத்த சிலந்தி: மருந்து அடிக்கணுமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. கொல்லையில் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கிறது. ஆரஞ்சு நிறம், முதுகில் கறுப்புப் புள்ளிகள், இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்து நிற்கிறது. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் இடம். விஷமா? மருந்து அடிக்கலாமா?

பதில்: வணக்கம் அம்மா. மருந்தை உள்ளே வையுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்குப் பொருந்துவது நீளக்கொம்புச் சிலந்திதான். அறிவியல் பெயர் மக்ராகாந்தா ஆர்குவாட்டா. 1793லேயே பெயர் வைத்துவிட்டார்கள், நம் பக்கத்துப் பழைய ஆள். உடம்பு ஒரு சென்டிமீட்டர்கூட வராது, கொம்பு மட்டும் அதைவிட இரண்டு மூன்று மடங்கு நீளும். உற்றுப் பார்த்தால் குட்டை முட்கள் இன்னும் இரண்டு ஜோடி தெரியும். வலையில் இருப்பது பெண். ஆண் பொடியன், அவனுக்கு நீளக் கொம்பு கிடையாது.

விஷம் உண்டு, ஆனால் அது பூச்சிக்கு. மனிதருக்கு ஆபத்தில்லை, கொம்பும் கொட்டாது. பிள்ளைகள் முகத்தில் வலை ஒட்டுகிறது என்றால் ஒரு குச்சியால் வலையோடு தூக்கி வேலியோரம் விடுங்கள். அங்கே புதிதாகக் கட்டிக்கொள்ளும். பறக்கிற சின்னப் பூச்சிகள்தான் அதற்குச் சாப்பாடு, அதனால் லாபம் உங்களுக்குத்தான்.

எனக்குச் சிலந்தியைவிட உங்கள் கறிவேப்பிலைதான் கவலை. எலுமிச்சைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறீர்கள். இலையை மஞ்சளாக்கிக் காயைச் சிறுக்க வைக்கும் கிரீனிங் நோயை எலுமிச்சைக்குக் கொண்டுவருவது சைலிட் என்ற சின்னப் பூச்சி. அதற்குக் கறிவேப்பிலைக் கொழுந்து ரொம்பப் பிடிக்கும். அங்கே பெருகி, பக்கத்து மரத்துக்குத் தாவும். நாளைக் காலையில் ஒரு இளங்கொழுந்தை வளைத்துப் பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டரில் பழுப்புப் பூச்சி, தலையைக் கீழே கொடுத்து பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதுதான் சைலிட். குஞ்சுகள் இருக்கிற கொழுந்தில் வெள்ளை மெழுகு நூல் சுருண்டு கிடக்கும். பறக்கிறதில் ஒன்றிரண்டு சிலந்தி வலையில் சிக்கலாம். கொழுந்தில் ஒட்டிக் கிடக்கும் குஞ்சுகளைச் சிலந்தி தொடாது, அது உங்கள் வேலை.

அப்படிப்பட்ட கொழுந்துகளைக் கிள்ளி, பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குக் கொஞ்சம் சோப்பு சேர்த்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். சிலந்தி வலைப் பக்கம் போக வேண்டாம். தோட்டத்து வேலையில் மிஞ்சிய மருந்து என்று யாராவது போத்தலில் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள், அம்மா. ரசத்தில் போடுகிற இலை அது.

எலுமிச்சை இலையையும் பாருங்கள். நடுநரம்புக்கு இருபுறமும் ஒரே மாதிரி மஞ்சளானால் பெரும்பாலும் சத்துக்குறை. ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி திட்டுத்திட்டாக மஞ்சளாகி, காயும் கோணலாகச் சிறுத்திருந்தால் கிரீனிங் சந்தேகம். அதற்கு மருந்தே கிடையாது. அருகிலுள்ள விவசாய அலுவலகத்தில் இலையைக் காட்டி உறுதி செய்துகொண்டு மரத்தை வேரோடு எடுத்துவிடுங்கள். புது எலுமிச்சை வைப்பதானால் கறிவேப்பிலையை விட்டுத் தள்ளி, கொல்லையின் மறுமூலையில் வையுங்கள்.