விடிந்த பிறகு தெரிந்ததை வைத்து இரவை விசாரிக்கிறீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 52 வயது. பத்து வருடங்களாகச் சர்க்கரை நோய். மூன்று மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு பதினொரு மணிக்கு, நெஞ்சு எரிகிறது என்றார். கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்திருந்ததால் வாயுத் தொல்லை என்று நினைத்து நான் ஜெலுசில் கொடுத்தேன். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். "படுத்தால் சரியாகிவிடும், நீ போய்த் தூங்கு" என்றார் அப்பா. விடியற்காலை அம்மா எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. மாரடைப்பு என்றார் வந்து பார்த்த டாக்டர். நான் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். "ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற உனக்குமா தெரியவில்லை?" என்று துக்க வீட்டில் எல்லோர் முன்னாலும் அத்தை கேட்டார். அம்மா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அந்த மருந்து பாட்டிலை டி.வி. பக்கத்திலிருந்து எடுக்கவும் விடுவதில்லை. என் தம்பிக்கு 20 வயது. பைக் வாங்கித் தரவில்லை என்ற கோபத்தில், அன்று மாலை விடுதிக்கு வந்த அப்பாவின் போன் அழைப்பை அவன் எடுக்கவில்லை. இப்போது கல்லூரிக்குப் போக மாட்டேன் என்று வீட்டிலேயே கிடக்கிறான். அப்பாவின் சாவுக்கு நான்தான் காரணமா? நாங்கள் மூவரும் எப்படி மீள்வது?

பதில்: "விதி முடிந்துவிட்டது, உங்கள் கையில் எதுவும் இல்லை" என்று நான் எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. மருத்துவமனையில் வேலை செய்கிறவர் நீங்கள். மாரடைப்பு வந்தவரைச் சீக்கிரம் கொண்டுவந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பது உங்களுக்கே தெரியும். அதை மறைத்து ஆறுதல் சொன்னால், அந்த ஆறுதல் இரவு இரண்டு மணிக்கு உங்களை விட்டு ஓடிவிடும். அதனால் நடந்ததை உள்ளபடியே பார்ப்போம்.

மாரடைப்பு வரும் எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவதில்லை. பலருக்கு அது எரிச்சலாக, ஏப்பமாக, மேல்வயிற்று வலியாகத்தான் தொடங்கும். நெடுநாள் சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு வலி மந்தமாகவே தெரியும், சிலருக்குத் தெரியாமலே போகும். இசிஜி எடுக்காமல், இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்காமல், அனுபவமுள்ள மருத்துவர்களே 'இது வாயுதான்' என்று உறுதி சொல்லத் தயங்குவார்கள். உங்கள் படிப்பு இரத்தத்தைப் பரிசோதிக்கும் படிப்பு. முகத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் படிப்பு யாரிடமும் இல்லை.

அன்று இரவு உங்களுக்குத் தெரிந்திருந்தது இவ்வளவுதான்: அப்பா விருந்து சாப்பிட்டு வந்திருக்கிறார், நெஞ்சு எரிகிறது என்கிறார், பேசுகிறார், போய்த் தூங்கச் சொல்கிறார். இதே காட்சி உங்கள் வீட்டில் இதற்கு முன் எத்தனை முறை நடந்து, காலையில் அவர் எழுந்து காபி கேட்டிருப்பார்? அந்த இரவுகள் எதுவும் இப்போது உங்கள் நினைவுக்கு வராது.

முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருந்ததுபோல் தோன்றும் மனத்தின் இந்தக் கோளாறை உளவியலாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போகவிருந்த சமயத்தில், இஸ்ரேலில் சில மாணவர்களிடம், அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணித்து எழுதச் சொன்னார்கள். பயணம் முடிந்த பிறகு, 'அன்று என்ன எழுதினீர்கள்?' என்று கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களை, தாங்கள் அன்றைக்கே கூடுதல் உறுதியோடு கணித்திருந்ததாகப் பலரும் நினைவுகூர்ந்தார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவர்களுக்கு நினைவிருந்தது. ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்கே இப்படி என்றால், அப்பாவின் கடைசி இரவை நினைவு எப்படியெல்லாம் திருத்தி எழுதும்! 'அவர் முகத்தில் வியர்வை இருந்ததே' என்று இன்றைக்குத் தோன்றும். இருந்ததா, பிறகு சேர்ந்துகொண்டதா என்று உங்களால் சொல்ல முடியாது.

ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் அன்று இரவு பதினொரு மணிக்கு உங்களுக்குத் தெரிந்தவற்றை எழுதுங்கள். காலையில் தெரியவந்தவை வலப்பக்கம். 'எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்' என்பதை இடப்பக்கத்தில் எழுதக் கூடாது. என்னிடம் வருகிறவர்களை எழுதச் சொல்லும்போது, பத்து நிமிடத்தில் வலப்பக்கம் நிரம்பிவிடும். இடப்பக்கத்தில் நான்கு வரி தேறுவதே பெரும்பாடு. எழுதியதும் வலி போய்விடாது. ஆனால் 'கொன்றேன்' என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாக 'தவறவிட்டேன்' என்று மாறும். தவறவிட்டேன் என்பதோடு ஒருவரால் வாழ்ந்துவிட முடியும்.

1942இல் பாஸ்டன் நகரில் ஒரு கேளிக்கை விடுதி தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். அந்த விபத்தில் உற்றாரை இழந்தவர்களையும் வேறு விதமாக இழந்தவர்களையும் கவனித்த மனநல மருத்துவர் எரிக் லிண்டமன், சாவுக்கு முந்தைய நேரத்தைத் துழாவி 'நான் எங்கே தவறினேன்' என்று தேடுவது துக்கத்தின் வழக்கமான கூறு என்று 1944இல் எழுதினார். எந்த ஊராக இருந்தாலும், சாவு எதிர்பாராமல் வந்த வீடு நீதிமன்றம் ஆகிவிடுகிறது.

உங்கள் வீட்டில் அந்த நீதிமன்றம் மூன்று அறைகளில் தனித்தனியாக நடக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த பாட்டில்தான். அம்மா அதை உங்களுக்கு எதிரான சாட்சியாக வைத்திருக்கிறார் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்திலேயே படுத்திருந்து விடியற்காலை வரை எதுவும் தெரியாமல் தூங்கியவர் அவர். மகளின் முகத்தைப் பார்த்தால் அந்தத் தூக்கம் நினைவுக்கு வருகிறதோ என்னவோ. தம்பிக்கோ எடுக்காத அந்த ஒரு அழைப்பு. மூன்று பேரும் தான்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு, மற்ற இருவரும் தன்னைக் குற்றம் சொல்வதாகவும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

யாராவது முதலில் வாய் திறக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதியவர் நீங்கள் என்பதால் அது நீங்களாகவே இருங்கள். கூட்டம் கூட்டிப் பேச வேண்டியதில்லை. அம்மா வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "ஜெலுசில் கொடுத்தது தப்போ என்று தினமும் நினைக்கிறேன் அம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். "நீங்கள் ஏன் எழுந்து பார்க்கவில்லை" என்று கேட்டுவிடாதீர்கள். அவர் அழலாம், எழுந்து போய்விடலாம். இரண்டு நாள் கழித்து அவராகவே பேசுவார். பாட்டில் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அத்தையைப் பற்றி. அவர் அண்ணனையோ தம்பியையோ பறிகொடுத்தவர். கோபப்பட ஓர் ஆள் தேவைப்பட்டது, நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தீர்கள். அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறுபடி கேட்டால், "தெரிந்திருந்தால் கொண்டுபோயிருப்பேன் அத்தை. இதற்கு மேல் இதைப் பற்றி என்னால் பேச முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். காரணம் விளக்கப் புகுந்தால் விசாரணை தொடரும்.

அம்மாவின் உடம்பைக் கவனியுங்கள். துணையை இழந்த தொடக்க நாட்களிலும் மாதங்களிலும் இதய நோய் ஆபத்து கூடுகிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுகிறவராக இருந்தால் அவை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பலரும் இந்தச் சமயத்தில்தான் அவற்றை நிறுத்திவிடுகிறார்கள். தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பூ, பொட்டு விஷயத்தில் அவர் விருப்பம் எதுவோ அதுவே நடக்கட்டும். அதில் கருத்துச் சொல்ல வருகிற உறவினர்களை வாசலிலேயே பேசி அனுப்பும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று மாதத்தில் அழுவதும், அப்பாவின் குரல் கேட்பதுபோல் இருப்பதும் நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில்கூட, குறைந்தது ஆறு மாதம் தாண்டியும் தீவிரம் குறையாமல் அன்றாட வாழ்வை முடக்கும் துக்கத்தைத்தான் தனிச் சிக்கலாகக் கொள்கிறார்கள். ஆனால் "நானும் அவரோடு போயிருக்கலாம்" என்ற பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும், யாராவது சாப்பிடாமல் தூங்காமல் மெலிந்துகொண்டே போனாலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண்ணான 14416இல் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

தம்பியை நேராக உட்காரவைத்துப் பேசச் சொன்னால் பேச மாட்டான். அவனை வெளியே அழைத்துப் போக ஒரு காரணம் தருகிறேன், உண்மையிலேயே தேவையான காரணம். தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுதல். நீங்கள் இருவரும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். அவனுடைய இரத்தத்தை உங்கள் லேபிலேயே, நீங்களே எடுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு அழைத்துப் போய், முடிந்ததும் பக்கத்தில் ஏதாவது ஒரு கடையில் இரண்டு பேரும் உட்கார்ந்து இட்லி சாப்பிடுங்கள். அந்த போன் அழைப்பைப் பற்றி அவன் ஏதாவது சொன்னால், அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.