சத்தமும் குடுத்து சத்தமும் வாங்கி

கேள்வி: நமக்கே தெரியாம, சத்தமில்லாம உடம்பைக் கெடுக்கற தினசரிப் பழக்கங்கள் என்னென்ன சார்? ஒரு பத்து சொன்னீங்கன்னா எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிக்குவேன்.
– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: ஒட்டறதுக்கு முன்னாடி அந்த ஃப்ரிட்ஜைத் திறந்து ஊறுகா பாட்டிலை வெளிய எடுங்க, பாதி பதில் அங்கயே முடிஞ்சிடும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதாவது தலைதட்டின ஒரு டீஸ்பூன், அதுக்குள்ளயே சாம்பார் ரசம் பொரியல் மோர் அப்பளம் எல்லாம் அடக்கம், நம்ம முதுநகர் நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு ரெண்டு கரண்டி ஊத்திக்கிட்டா அன்னிய கணக்கு குளோஸ். உப்பு ஏற ஏற பிரஷர் ஏறும், 140/90ஐத் தாண்டி வருஷக்கணக்கா கிடந்தாலும் பல பேருக்கு ஒரு தலைவலிகூட வராது, கையில பட்டை கட்டிப் பாத்தாத்தான் தெரியும். அடுத்தது, ஜன்னலை எல்லாம் சாத்திட்டு கட்டிலுக்குக் கீழ கொசுவத்தி ஏத்தி வெச்சிட்டுப் படுக்கறது. ஒரு சுருள் எரிஞ்சு முடியறதுக்குள்ள கக்கற நுண்துகள் 75லேர்ந்து 137 சிகரெட்டுக்குச் சமம்னு 2003லயே அளந்து பாத்து எழுதிட்டாங்க. வாழ்நாள்ல ஒரு பீடி தொட்டதில்லன்னு மீசை முறுக்கறவங்க கொஞ்சம் கவனிக்கவும்.

ரெண்டு ஆச்சு. மீதி எட்டை என்கிட்ட கேக்காதீங்க, உங்க கேள்வியில இருக்கற ஒரு வார்த்தை என் காலைத் தடுக்கி விட்டுடுச்சு, நான் அங்கயே விழுந்து கிடக்கறேன்.

"சத்தமில்லாம."

நெல்லிக்குப்பத்துல உக்காந்துக்கிட்டு இந்த வார்த்தைய எழுத உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? கரும்பு சீசன்ல டிராக்டருக்குப் பின்னாடி லோடு, முன்னாடி நாலு ஸ்பீக்கர்னு கட்டிக்கிட்டு பாட்டை அலற விட்டுட்டுப் போறாங்களே, அது உங்க தெரு வழியா போகலியா? நம்ம ஊர்ல எதுதான் சத்தமில்லாம நடந்திருக்கு, காது குத்தினாக்கூட மைக் செட்டு கட்டித்தான் குத்தறோம், அந்தக் கொழந்தைக்கு ஒரே நாள்ல ரெண்டு தடவ காதைக் குத்தின கணக்கு.

சத்தம்னதும் பழைய தகராறு ஒண்ணு ஞாபகம் வருது. எங்ககிட்ட ஒரு ப்ரூஃப் ரீடர் இருந்தார், நான் "சத்தம்"னு எழுதினா "சப்தம்"னு திருத்துவார், நான் மறுபடி "சத்தம்" ஆக்குவேன், அவர் மறுபடி திருத்துவார், இப்படியே நாலு ப்ரூஃப் போயி கடைசியில அச்சுல "சப்த்தம்"னு வந்துச்சு. ரிட்டையர் ஆகிட்டார், இன்னமும் அதைப் பத்தி கார்டு போடறார். அவருக்கு நான் சொல்றது இதுதான்: தெக்கத்திக்காரங்க வண்டி வாடகையை வண்டிச் சத்தம்னு சொல்றாங்க, முடிஞ்சா அங்க போய் வண்டிச் சப்தம்னு திருத்திட்டு வாங்க பாப்போம். எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும். ஏன்னா புதுச்சேரி டு கடலூர் பஸ்ல நாம வண்டிச் சத்தமும் குடுக்கறோம், வண்டிச் சத்தமும் வாங்கிக்கறோம்.

அந்த பஸ்ல போயிருக்கீங்கதானே? மொத்தமே இருபத்தி சொச்சம் கிலோமீட்டர். அரியாங்குப்பத்துல ஒரு ஹாரன், தவளக்குப்பத்துல ஒரு ஹாரன், கிருமாம்பாக்கத்துல டிரைவர் அண்ணனுக்கு மூடு வந்து முழு ராகமே வாசிப்பார், கன்னியக்கோயில் தாண்டினா முன்னாடி வண்டியே இல்லாட்டியும் வாசிப்பார், ரோடு காலியா இருக்கேன்னு ஒரு சந்தோஷம். உள்ள டிவியில பாட்டு தனி. கண்டக்டர் "டிக்கெட் டிக்கெட்"னு வாயசைக்கறார், நாம விரலைக் காட்டறோம், ரெண்டு பேருமே ஊமைப்படத்துல நடிக்கிற மாதிரி. அப்புறம் ஆல்பேட்டை செக்போஸ்ட்டு வரும். பையைத் திறந்து காட்டுன்னு சொல்லி, புதுச்சேரிலேர்ந்து குவாட்டர் பாட்டில் வருதான்னு துழாவுவாங்க, ஆனா அதே பஸ் தலையில நூறு டெசிபல் ஏர் ஹாரனை வெச்சிக்கிட்டு கம்பீரமா பார்டர் தாண்டிப் போகும், அதுக்கு மட்டும் வரியும் இல்ல சோதனையும் இல்ல. இத்தனைக்கும் பல சுரம் வாசிக்கிற ஹாரனும் காதைக் கிழிக்கிற ஹாரனும் வண்டியில மாட்டவே கூடாதுன்னு 1989 மோட்டார் வாகன விதிகள்ல 119ஆவது விதி இருக்கு. இதை நான் இந்தப் பக்கத்துல எழுதறது எத்தனாவது தடவன்னு எண்ணி வெச்சிருக்கற வாசகர்கள் பொறுத்துக்கணும்.

எனக்கு ஏன் இவ்ளோ எரிச்சல்னு கேப்பீங்க. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, நான் மஞ்சக்குப்பத்துல கடையில நிக்கறேன், வீட்டம்மா போன்ல "ஏங்க, வர்றப்ப பத்தி வாங்கிட்டு வாங்க"ங்கறாங்க. நானும் நல்லதா ஒண்ணு பாத்து, மரப்பிடி போட்டது, வாங்கிட்டுப் போனேன். சாமி படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு கையை நீட்டினாங்க, நான் கத்தியைக் குடுத்தேன். ஒரு நிமிஷம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் "யாரைக் குத்தறதுக்கு?"ன்னாங்க.

மறுவாரமே காது டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிட்டாங்க. சின்ன ரூம்ல உக்கார வெச்சு, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னாங்க, நான் அமுக்கினேன், நடுவுல ரொம்ப நேரம் ஒண்ணுமே வரல, மிஷின் கெட்டுப்போச்சு போலன்னு நெனச்சேன். கெட்டது மிஷின் இல்ல. கிராஃப்ல 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது மேல் சுருதி இருக்கற இடத்துல, ஒரு குழி. சத்தத்தால காது போனா முதல்ல அந்த இடத்துலதான் பள்ளம் விழுமாம். டாக்டர் கேட்டார், "சார் எந்த மில்லுல வேலை பாத்தீங்க?" நான் சொன்னேன், "மில்லு இல்லைங்க டாக்டர், 26 வருஷம் புதுச்சேரி பஸ்." 

அவர் சொன்னதுல எனக்கு விளங்கினது இது. உள்காதுல மயிர் மாதிரி செல்லுங்க இருக்கு, ஒரு காதுக்கு சுமார் 15,000, பொறக்கறப்ப குடுத்தது அவ்ளோதான், செத்தா திரும்ப முளைக்காது. தலையில கொட்டினாலாவது நட்டு வெக்க ஆள் இருக்கு. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா கோழிக்குத் திரும்ப முளைக்குதாம்! நாம அடிச்சி சாப்பிடற கோழிக்கு. அப்புறம் இந்தப் பத்தி கத்தி விவகாரம்: உயிரெழுத்து ஓசையெல்லாம் கனமான கீழ் சுருதி, அது தப்பிச்சிடும், க ச த ப மாதிரி வல்லினம் மெல்லிசான மேல் சுருதி, அதுதான் முதல்ல காணாமப் போகும், அதனாலதான் எனக்கு ஏதோ ஒரு "அத்தி" மட்டும் வந்து சேந்துச்சு, மீதியை நானே போட்டுக்கிட்டேன். வீட்ல பேசறது கேக்குது ஆனா புரியலன்னு சொல்ற பெரியவங்க யாரும் நடிக்கல, நம்புங்க.

எவ்ளோ சத்தம் எவ்ளோ நேரம் தாங்கும்னு அமெரிக்காவுல தொழிலாளிங்களுக்காக நியோஷ் அமைப்பு ஒரு கணக்கு வெச்சிருக்கு, 85 டெசிபல்னா எட்டு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100க்குப் போனா கால் மணி நேரம்தான். நம்ம மாப்பிள்ளை அழைப்பு தெருமுனை திரும்பறதுக்கே அரை மணி ஆகுது.

"பழகிடுச்சு சார்"னு சொல்லுவாங்க, அதுதான் இதுல மோசம். தூங்கறவனுக்குப் பழகிடுச்சு, அவன் முழிக்க மாட்டான். காதுக்கு ஷட்டர் கிடையாதே, ராத்திரி லாரி ஹாரன் அடிச்சா நாம குறட்டை விட்டுக்கிட்டு இருக்கறப்பவே நெஞ்சு படபடன்னு ஒரு ஓட்டம் ஓடிட்டு வரும், பிரஷர் ஏறி இறங்கும், காலையில நமக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. பைபாஸ் ஓரத்துல வீடு இருக்கறவங்க நெத்திலிக் கருவாட்டை மட்டும் குத்தம் சொல்லாதீங்க.

ராத்திரி 10 மணிலேர்ந்து காலையில 6 வரைக்கும் வெளிய ஸ்பீக்கர் கூடாதுன்னு 2000ல வந்த ஒலி மாசு விதியே சொல்லுது. எங்க ஆபீசுக்கு எதிர்ல ஒரு கல்யாண மண்டபம், பேர் வேணாம், வாசல்ல கட்டற குழாய் ஸ்பீக்கருக்காக நாலு வருஷமா எனக்கும் மேனேஜருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஒரு நாள் நேர்ல போய் சத்தம் போட்டேன். அவர் பொறுமையா கேட்டுட்டு "பந்தி ஆரம்பிச்சாச்சு, மொதல்ல சாப்பிடுங்க சார்"னார். சாப்பிட்டேன். பால் பாயசம், வாழைப்பூ வடை. அதுக்கப்புறம் மூணு மாசம் என்னால அந்த மண்டபத்தைப் பத்தி எழுத முடியல, இன்னிக்குத்தான் செரிச்சிருக்கு.

புதுச்சேரி பீச் ரோட்ல மட்டும் சாயங்காலம் 6லேர்ந்து காலை 7.30 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க, அலை சத்தத்தைத் தனியா கேக்கலாம். எங்க சப் எடிட்டர் தம்பியை அதுக்காகவே ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன். காந்தி சிலைக்குப் பக்கத்துல நின்னு "கேளுப்பா"ன்னேன், அவன் "என்ன சார்?"னு காதுலேர்ந்து இயர்போனைக் கழட்டினான், கழட்டினதும் அதுல ஓடற பாட்டு எனக்கே கேட்டுச்சு, 4000 ஹெர்ட்ஸ்ல குழி விழுந்த எனக்கு! பாட்டு கேக்கறவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வெச்ச கணக்கு தனி, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்தான்னு சொன்னேன். "சரி சார்"னு மாட்டிக்கிட்டான்.

அந்தக் கத்தி இன்னும் வீட்லதான் இருக்கு. வெங்காயத்துக்கு நல்லாப் போகுது, பண்ருட்டிப் பலாவுல வெச்சதும் வளைஞ்சிடுச்சு.