ஓரத்தில் தெரியும் கத்தி முனைகள்

வணக்கம் ஐயா. 10ஆம் தரச் சித்திரப் பாடத்தில் ஸ்பெயின் ஓவியர் கோயாவின் போர்ப் படங்களைக் காட்டினேன். மரத்தில் கட்டித் தொங்கவிட்ட உடல்களைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். கொடுமையை இவ்வளவு பச்சையாக வரையத்தான் வேண்டுமா?
– ஓர் ஆசிரியை, பண்டாரவளை

அன்புள்ள டீச்சர்,

அழுத பிள்ளைகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நீங்கள்தான் வேறு படத்திலிருந்து தொடங்கியிருக்கலாம். 1808இல் நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் புகுந்த பிறகு நடந்தவற்றை வைத்து கோயா செய்த அச்சுத் தகடுகள் மொத்தம் 82. அதில் 26ஆவதைப் பாருங்கள். குகை போல இருட்டு. ஒருவர் முழந்தாளிட்டுக் கைகோத்துக் கெஞ்சுகிறார், பக்கத்தில் பெண்கள். வலது ஓரத்தில் துப்பாக்கிக் கத்திகளின் முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பிடித்திருப்பவன் படத்திலேயே இல்லை. அடியில் 'பார்க்க முடியாது' என்று எழுதியிருக்கிறார்.

இலங்கையில் தமிழர்களைத் தாக்கிய 83 ஜூலைக் கலவரத்தின்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா எங்களைக் காம்பராவுக்குள் தள்ளி, இஸ்தோப்புக் கதவைச் சாத்தினார். பலகை இடுக்கு வழியாக டோர்ச் வெளிச்சம் கோடு கோடாக உள்ளே விழுந்தது. தகரத்தில் பொல்லால் அடிக்கும் சத்தம். வந்தவர்கள் ஒருவரின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. பயம் என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த வெளிச்சக் கோடுகள்தான். கோயா அந்தப் படத்தில் நம்மை நிறுத்துவது கதவுக்கு உள்பக்கம், பயந்தவர்களோடு. நோகடிக்க நினைப்பவர் அப்படி நிறுத்த மாட்டார்.

அப்புறம், அச்சு வேலை எப்படி நடக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும், அதில் மை நிற்கும். ஒரே தகட்டில் நிறையத் தாள் எடுக்கலாம். பலர் கைக்குப் போகவேண்டிய வேலை அது. ஆனால் கோயா இருக்கும்வரை அந்தத் தொகுப்பு வெளிவரவேயில்லை. 1828இல் இறந்தார், படங்கள் 1863இல்தான் வந்தன. அம்மாவும் அந்த இரவைப் பற்றி வாய் திறக்கப் பல வருடம் ஆனது.

அடுத்த பாடத்துக்கு ஜெர்மனியின் ஓவியர் கேத்தே கோல்விட்ஸை எடுங்கள். 1914இல் மகனைப் போரில் பறிகொடுத்தவர். பிறகு போரைப் பற்றி மரத்தில் செதுக்கி அச்சிட்ட ஏழு படங்கள் செய்தார், ஒன்றிலும் போர்க்களம் கிடையாது. 'தாய்மார்' என்ற படத்தில் பெண்கள் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்து, நடுவில் பிள்ளைகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதை நெடுநேரம் பார்ப்பார்கள். செதுக்கி அச்செடுக்கும் லினோ விரிப்பு கிடைக்காவிட்டால் பழைய செருப்பு அடியிலேயே செதுக்கிப் பழகலாம், கூர்க்கத்தியை மட்டும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

அழுத இருவரிடமும் படத்தில் எந்த இடத்தில் கண் நின்றது என்று கேட்டு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.