பச்சைக் கல்லும் மாவோரிச் செதுக்கலும்: வாசகர் கேள்விகள்

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் செய்யும் மரச்செதுக்கல்கள், பச்சைக் கல் அணிகள் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: என் மகன் ஆக்லாந்தில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தபோது தூண்டில் முள் வடிவத்தில் ஒரு பச்சைக் கல் பதக்கம் கொண்டுவந்தான். பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு "வெறும் கண்ணாடி" என்கிறார்கள். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? (வாசகி, அடையாறு)

கண்ணாடியா கல்லா என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். எந்த ஊர்க் கல் என்பதை முடியாது.

முதலில் இருட்டறையில் டார்ச்சைப் பதக்கத்தின் பின்பக்கம் வைத்து, ஒரு லென்ஸ் வழியாகப் பாருங்கள். உள்ளே உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் கண்ணாடிதான். நார் நாராகவோ மேகம் படர்ந்த மாதிரியோ கரும்புள்ளிகளோடோ தெரிந்தால் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது எடைச் சோதனை. கயிற்றைக் கழற்றிவிட்டுப் பதக்கத்தை நகை எடை போடும் தராசில் நிறுத்துக் கொள்ளுங்கள், பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டு மறுபடி நிறுங்கள். முதல் எடையை, தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால் நெஃப்ரைட் வகை ஜேட் கல்லுக்குக் கிட்டத்தட்ட 3 வரும். சாதாரணக் கண்ணாடிக்கு 2.5 வரும். ஆனால் 2.6 வந்தால் உடனே போலி என்று தூக்கிப் போட வேண்டாம், ஏனென்றால் மாவோரிகள் பொனாமு என்று சொல்லும் கற்களில் தாங்கிவாய் என்ற ஒளி ஊடுருவும் வகை நெஃப்ரைட் அல்ல, போவனைட், அது எடை குறைந்தது, மென்மையானதும்கூட. அதனால்தான் கத்தியால் கீறிப் பார்க்கும் சோதனை வேண்டாம் என்கிறேன், நல்ல தாங்கிவாயில் கோடு விழுந்துவிடும்.

இதெல்லாம் சரியாக வந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கனடாவிலும் சைபீரியாவிலும் சீனாவிலும் கிடைக்கும் நெஃப்ரைட்டும் இதே எண்ணைத்தான் காட்டும். நியூசிலாந்தின் நினைவுப் பொருள் கடைகளிலேயே அந்தக் கற்கள் நிறைய விற்கின்றன. உண்மையான பொனாமு தென் தீவில், பெரும்பாலும் மேற்குக் கரையின் ஆறுகளிலும் மலைகளிலும் கிடைப்பது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அது ங்காய் தாஹு என்ற மாவோரிக் குலத்துக்குச் சொந்தம். அவர்கள் சான்றளித்து விற்கும் நகையோடு ஒரு குறியீட்டு எண் வரும், அதை வைத்துக் கல் எங்கே எடுக்கப்பட்டது, யார் செதுக்கியது என்று பார்க்கலாம். மகனிடம் அந்த அட்டை இருக்கிறதா, இல்லாவிட்டால் பில்லாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டை இல்லாத நல்ல பொனாமுவும் உண்டு, அதற்கு விற்றவரின் வாய்மொழிதான் சாட்சி.

கேள்வி: ஓய்வு பெற்றவன். மரச்சிற்பங்கள் சேகரிக்கிறேன். லண்டன் ஏலம் ஒன்றில் பழைய மாவோரி மரப் பலகையும் ஒரு ஹே டீக்கியும் (மனித உருவில் செதுக்கிய கழுத்துப் பதக்கம்) வருகின்றன, "19ஆம் நூற்றாண்டு, ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். ஆன்லைனில் ஏலம் கேட்கலாமா? (வாசகர், மயிலாப்பூர்)

வேண்டாம் ஐயா. குறைந்தபட்சம், அந்த ஒற்றை வரியை நம்பிக் கேட்க வேண்டாம்.

1972இல் நியூசிலாந்தின் தாரநாக்கிப் பகுதியில் வைத்தாரா ஊருக்கு அருகே சதுப்பு நிலத்தில் 5 செதுக்கிய பலகைகள் கிடைத்தன. உணவுக் கிடங்கு ஒன்றின் பின்சுவர்ப் பலகைகள் அவை, போர்க்காலத்தில் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று அந்த மக்களே சதுப்பில் ஒளித்து வைத்தது. கண்டெடுத்தவரிடமிருந்து வியாபாரிக்குப் போய், அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியேறி, ஜார்ஜ் ஆர்டிஸ் என்ற பெரிய சேகரிப்பாளரிடம் சேர்ந்தன. 1978இல் லண்டனில் சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தபோதுதான் விஷயம் வெடித்தது. நியூசிலாந்து அரசு வழக்குப் போட்டது, 1983இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. சட்டத்தை மீறிக் கடத்தியதால் மட்டும் பொருள் தானாக அரசுக்குச் சேர்ந்துவிடாது, நாட்டை விட்டுப் போகும் முன் கைப்பற்றியிருக்க வேண்டும் என்று தீர்ப்பு. கடைசியில் 2014இல் 45 லட்சம் நியூசிலாந்து டாலர் கொடுத்து, ஆர்டிஸ் குடும்பத்திடமிருந்து தங்கள் பொருளைத் தாங்களே வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

இதைப் படிக்கும்போது நமக்குப் பத்தூர் நடராஜர் ஞாபகம் வராமல் இருக்காது. அவரும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தவர்தான், 1976இல் ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் தட்டுப்பட்டு லண்டன் போனவர், அதே லண்டனில் நீதிமன்றத்தில் கோயிலின் உரிமை ஏற்கப்பட்டு 1991இல் திரும்பி வந்தவர். அப்புறம் ஸ்ரீபுரந்தான் நடராஜர். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் அவர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று காட்டிக்கொடுத்தன, அதே 2014இல் ஊர் திரும்பினார். அந்தக் கலைக்கூடத்துக்கும் தாள்கள் காட்டப்பட்டன, போலித் தாள்கள். நம் சாமியை ஒருவர் வீட்டுக் கூடத்தில் நிறுத்தினால் நமக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்த நாம், இன்னொருவர் மூதாதையைக் கேள்வி கேட்காமல் வாங்கலாமா? மாவோரிப் பலகைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய முன்னோர்கள், பெயர் சொல்லி அழைக்கப்படுகிறவர்கள்.

நியூசிலாந்துச் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1975ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பொருள்கள் சட்டப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட மாவோரிப் பண்பாட்டுப் பொருளை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. எனவே ஏல நிறுவனத்திடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: பொருள் எந்த வருடம் நியூசிலாந்தை விட்டு வெளியேறியது, அதற்கு என்ன ஆதாரம்? பழைய ஏலப் பட்டியல், கடிதம், தேதியோடு புகைப்படம் எதுவும் இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

ஹே டீக்கி விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20இன் தொடக்கத்திலும் நியூசிலாந்துச் சந்தைக்காக ஜெர்மனியின் ஈடர் ஓபர்ஸ்டைன் ஊரில் இயந்திரம் வைத்து ஹே டீக்கிகள் செய்தார்கள், டனிடினிலும் பட்டறைகள் இருந்தன. கல் அசல், வயதும் நூறு, ஆனால் மாவோரிக் கை பட்டதில்லை. பழைய முறையில் கயிறு சுற்றிய துரப்பணத்தால் இரண்டு பக்கமிருந்தும் துளைப்பார்கள், அதனால் துளை இரு முனையிலும் அகன்று நடுவில் குறுகியிருக்கும், தலைமுறை தலைமுறையாகக் கயிறு உரசிய தேய்மானமும் தெரியும். ஒரே நேர்க்குழாயாக, கூர்மையான விளிம்போடு துளை இருந்தால் சந்தேகப்படுங்கள். இதுவும் ஒரு குறிப்புதான், போலி செய்கிறவர்களுக்கும் இது தெரியும்.

கேள்வி: பொனாமுவைத் தனக்குத்தானே வாங்கிக்கொள்ளக் கூடாது என்கிறார்களே? நான் மாவோரி இல்லை, போடலாமா? (மாணவர், பெரம்பூர்)

அன்பளிப்பாகக் கைமாறுவதுதான் அதன் சிறப்பு, அந்த வழக்கத்தை அங்கே பலரும் மதிக்கிறார்கள். தனக்கென வாங்குகிறவர்களும் உண்டு, யாரும் தடுக்க மாட்டார்கள். நண்பருக்கு நீங்களும் உங்களுக்கு நண்பரும் வாங்கிக் கொடுத்தால் பிரச்சினையே இல்லை. தூண்டில் முள், உளி, சுருள் வடிவங்களை எல்லாரும் அணிகிறார்கள். மனித உருவம் கொண்ட ஹே டீக்கியை மட்டும், யாரிடமிருந்து வருகிறது என்று தெரியாமல் போட வேண்டாம் என்பது என் எண்ணம். நம் ஊர் வியர்வையில் கயிறு சீக்கிரம் இற்றுப்போகும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இவ்வளவு உறுதியான கல்கூட மொசைக் தரையில் விழுந்தால் மெல்லிய இடத்தில் உடையும்.

கேள்வி: கண்ணை உருட்டி நாக்கை நீட்டிய மர முகம் ஒன்று பரிசாக வந்தது. எங்கே மாட்டுவது? ஓரத்தில் மெல்லிய வெடிப்பும் தெரிகிறது. (வாசகி, வேளச்சேரி)

நீட்டிய நாக்கு எதிரியை அறைகூவும் வீரத்தின் அடையாளம், வீட்டில் இருப்பவர்களைப் பயமுறுத்த அல்ல. மாவோரி வழக்கத்தில் தலை மிகவும் புனிதமானது, உணவோடு அதைச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே சாப்பாட்டு மேசைக்கு மேலேயோ சமையலறையிலோ வேண்டாம், செருப்பு விடும் இடத்திலும் வேண்டாம். கூடத்தில் கண் மட்டத்தில் மாட்டலாம்.

வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஏசி. ஈரக் காற்றில் உப்பிய மரம் ராத்திரி ஏசியில் காய்ந்து சுருங்குகிறது, காலையில் மறுபடி உப்புகிறது. ஏசி காற்று நேராகப் படாத, வெயில் விழாத உள்சுவருக்கு மாற்றினாலே வெடிப்பு வளர்வது குறையும். வெடிப்பில் ஃபெவிகாலும் மரத்தூளும் அடைக்காதீர்கள், அடுத்த மழைக்காலத்தில் மரம் உப்ப இடமில்லாமல் வேறு இடத்தில் வெடிக்கும். வார்னிஷும் வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். கண்களில் மின்னும் நீலப்பச்சைத் துண்டு பாவுவா என்ற சிப்பி, ஈரத்துணி பட்டால் பசை விட்டுப்போகும். முகத்துக்குக் கீழே பொடிப்பொடியாக மரத்தூள் விழுந்திருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது, உடனே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி மற்ற மரச்சாமான்களிடமிருந்து பிரித்துவிட்டு ஆள் தேடுங்கள்.

கேள்வி: நியூசிலாந்தில் ஒரு தமிழ் மணி இருப்பது உண்மையா? (வாசகர், தாம்பரம்)

உண்மை. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மதபோதகர், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக வைத்திருந்த ஒரு வெண்கல மணியைப் பார்த்து, இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நியூசிலாந்து போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள், அங்கேயே மாவோரிச் செதுக்கலின் மிகச் சிறந்த வேலைகளும் இருக்கின்றன.

கேள்வி: சென்னையில் இருந்துகொண்டே ஒரு சிறு சேகரிப்பு தொடங்க ஆசை. கல் விலை அதிகம், எலும்புப் பதக்கங்கள் மலிவாக இருக்கின்றன. வாங்கலாமா? (வாசகி, அண்ணா நகர்)

தாராளமாக. ஆனால் என்ன எலும்பு என்று எழுத்தில் கேளுங்கள். இன்றைய பதக்கங்களில் பெரும்பாலானவை மாட்டெலும்பு, அதில் சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை. திமிங்கல எலும்பு என்றால் தொடாதீர்கள். சர்வதேச அனுமதி இல்லாமல் அதை நாடு விட்டு நாடு கொண்டுவருவது குற்றம், நம் வனவிலங்குச் சட்டமும் சும்மா விடாது, "சின்னத் துண்டுதானே" என்று சுங்கத்தில் சொல்லித் தப்ப முடியாது.

பழசைத் துரத்தாமல் இன்று வாழும் செதுக்குநர்களிடம் வாங்குங்கள் என்பதுதான் என் உறுதியான யோசனை. கல்லுக்கு ஹோகிடிகா ஊர்ப் பட்டறைகள், மரத்துக்கு ரோட்டொருவா ஊரின் தே புய்யா மையம், அங்கே செதுக்கல் பள்ளியே நடக்கிறது. வாங்கும் ஒவ்வொன்றுக்கும் செதுக்கியவர் பெயர், அவருடைய குலம், கல்லோ மரமோ வந்த இடம், வாங்கிய தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லை அதிலேயே ஒட்டிவையுங்கள். மரப் பொருள் என்றால் பட்டை நீக்கிப் பூச்சி நீக்கம் செய்ததற்கான சான்றும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தாவரத் தடுப்புச் சோதனையில் பார்சல் மாட்டிக்கொள்ளும்.