வேட்டை முடிந்தபின் ஒரு நல்ல படம்

கேள்வி: உரிமத்தோடு முதல்முறையாக ஒரு பெரிய மானை வேட்டையாடினேன். படங்களில் ரத்தமும் தொங்கும் நாக்கும்தான் தெரிகின்றன. எப்படி எடுத்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உறுதிசெய்யுங்கள், அப்புறம்தான் கேமரா. சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும், அதற்குள் கால்களை வயிற்றுக்கடியில் மடக்கி, நாக்கை வாய்க்குள் தள்ளி, மூக்கோரத்து ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்து, காயம் கேமராவுக்குத் தெரியாதபடி திருப்பி வையுங்கள். எடுப்பவர் தரையில் படுத்து விலங்கின் கண் மட்டத்திலிருந்து எடுக்கட்டும்; கொம்புக்குப் பின்னால் வானம் இருந்தால் ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகத் தெரியும். தொப்பி நிழல் முகத்தை மறைத்தால் பகலிலும் ஃபிளாஷ் போடுங்கள். மானின்மேல் ஏறி மட்டும் உட்காராதீர்கள், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. பின்னால் மண்டியிடுங்கள், போதும்.